பழுப்பு நிறத்துக்குக் காத்திருக்கும் வேலை

மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, அதில் பழுப்பு நிறம் வருகிறதா என்று பார்ப்பது என் தொழில். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டு நான் இதைச் சொன்னால், அவர் அவசரமாக ரசம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

உங்களில் பலரும் ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "எப்பக் கிடைக்கும்?" என்ற கேள்விக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை பதில் சொன்னவர்களாக இருப்பீர்கள். ஆகவே நாம் ஒரே சாதி. என் கவுண்டரில் ஒரு சின்ன வித்தியாசம். இங்கே வருகிறவர் கையில் ஒரு பாட்டில் இருக்கும். பாட்டிலுக்குள் அவர் வீட்டுப் பெண்ணின் உடம்பில் ஒரு துண்டு இருக்கும். அதனால் "டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்ப முடியாது.

பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இதே வேலையைக் குளுகுளு அறையில் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் விருதுநகரில் பருப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இந்தப் பரிசோதனைக்கூடம் ஆரம்பமானது. ஸ்லைடு செய்ய நான், வாசலில் பாட்டில் வாங்க பாண்டியம்மாள், புதனும் சனியும் மதுரையிலிருந்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கையெழுத்துப் போட டாக்டரம்மா. அம்புட்டுத்தான் கம்பெனி.

விசில் சத்தம்

பார்மலின் என்ற காரமான மருந்துத் தண்ணீரில் ஊறிய சதை பிடிவாதம் பிடிக்கும். கெட்டுப்போகாது, ஆனால் உள்ளே இருப்பதை லேசில் காட்டாது. நாங்கள் தேடுவது செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு பிடியை. பெண்ணுடம்பில் ஊறுகிற ஹார்மோன் வந்து அந்தப் பிடியைத்தான் பற்றிக்கொள்ளும். பிடி இருக்கிற இடத்தில் மட்டும் எங்கள் சாயம் பழுப்பாக ஒட்டும். அப்படி ஒட்டவேண்டுமென்றால் முதலில் ஸ்லைடுகளை ஒரு கரைசலில் போட்டு அழுத்தத்தில் கொதிக்கவைக்க வேண்டும். மஸ்கட்டில் அதற்கு ஒரு இயந்திரம், இயந்திரத்துக்கு ஒரு ஆள், ஆளை மேய்க்க ஒரு மேலாளர். இங்கே ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். பாண்டியம்மாள் கடைவீதியில் நாலு கடை ஏறி, மூடியைத் தட்டிப் பார்த்து வாங்கிவந்தது. எத்தனை விசில் என்பதில் எனக்கும் அவளுக்கும் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் அவள் சொன்ன கணக்கே சரியென்று ஸ்லைடுகள் தீர்ப்புச் சொல்லின.

கீழே கிட்டங்கியில் ஒரு வயதான கணக்கப்பிள்ளை உண்டு. தினமும் பதினொரு மணிக்கு மாடியிலிருந்து விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கூடத்தைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். குக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, தெனமும் விசில் சத்தம் கேக்குது, ஒரு நாளாச்சும் ஒரு தாளிப்பு வாசம் வரக் காணமே, அப்படி என்னத்தத்தான் சமைக்கீக?" என்றார்.

இரும்பு வேண்டாம்

ஒரு புதன்கிழமை காலை. எதிர்க் கிட்டங்கியில் மிளகாய் வத்தல் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. தெருவே தும்மிக்கொண்டிருந்தது, நான் உள்பட. அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்பிக் கதவில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் பதித்து எடுத்துவிட்டு உள்ளே வந்தார். வேறு ஊராக இருந்தால் கதவைக் கும்பிடுகிறார் என்று நினைத்திருப்பேன். வெடி ஆலையில் மருந்து அறைக்குள் போகிறவர்கள், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் ஒரு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். கை பழகிவிட்டால் ரேஷன் கடைக்குப் போனாலும் தொடும்.

பேர் சண்முகராஜ். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். ஈரச் சாக்கில் சுற்றி, நூல் கயிற்றால் கட்டிய பாட்டிலை மேஜை நடுவில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். பாண்டியம்மாள் கத்தரிக்கோலை எடுத்ததுதான் தாமதம், "இரும்பு வேண்டாம் தாயீ, பொறி பறக்கும்!" என்று பதறி, முடிச்சுகளை நகத்தால் ஒவ்வொன்றாக அவரே அவிழ்த்தார். ஐந்து நிமிஷம் ஆனது.

அவர் மனைவி மாரித்தாய்க்கு முந்தின நாள் சிவகாசியில் ஒரு நர்சிங் ஹோமில் மார்பகத்தை எடுத்திருந்தார்கள். கட்டி மொத்தமும் அந்தப் பாட்டிலில்தான். ஆபரேசன் செய்த டாக்டர் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: கட்டியில் ஹார்மோன் பிடி இருந்தால் ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை, நோய் திரும்பி வராமல் அது காவல் காக்கும், பிடி இல்லையென்றால் அந்த மாத்திரையால் பிரயோசனம் இல்லை, கொடுக்கவும் மாட்டோம். மாரித்தாய்க்கு அந்தக் காவல் உண்டா, இல்லையா என்று நாங்கள் சொல்லவேண்டும். நான் தும்மிக்கொண்டே பேரெழுதி, தும்மிக்கொண்டே கட்டியைப் புதுப் பார்மலினுக்கு மாற்றினேன். சண்முகராஜ் கூடத்தின் நாலு மூலையையும் பார்த்துவிட்டுக் கவலையாகக் கேட்டார்: "சார், தீ வாளி, மண்ணு வாளி ஒண்ணையும் காணமே, எங்கன வச்சிருக்கீக?"

ஏற்பி

அடுத்த செவ்வாய்க்கிழமை மாரித்தாயே வந்துவிட்டாள். இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கி வைத்திருந்தாள். நர்சிங் ஹோமில் கட்டுப் பிரித்துவிட்டு நேராக பஸ் ஏறியதாகச் சொன்னாள். புருஷன் வேலை பார்க்கும் ஆலையில்தான் அவளும் திரி சொருகுகிறாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு என்னமோ கொண்டாந்து குடுத்தாகளாமே. என்னதுன்னு கேட்டா டெஸ்ட்டுங்காக. என்ன டெஸ்ட்டுன்னா பெரிய டெஸ்ட்டுங்காக. நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் தமிழில் பள்ளிக்கூடமும் இங்கிலீஷில் கல்லூரியும் படித்தவன். இரண்டு மொழி படித்தவனுக்கு இரண்டு மொழியிலும் வாயடைத்துப்போகிற இடங்கள் உண்டு. அது இந்த இடம். முதலில் "ஏற்பி" என்றேன். பிடிக்குப் பாடப்புத்தகத்து வார்த்தை. அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள். பிறகு பூட்டு, சாவி என்று ஆரம்பித்தேன். "பூட்டுத் தெறந்தா நல்லதுதான அண்ணாச்சி?" என்று கேட்டாள். இல்லை, திறந்தால் கட்டி வளரும் என்றேன். "அப்ப பூட்டு எதுக்கு?" என்றாள். நான் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

அவளே கொஞ்ச நேரம் யோசித்தாள். "இருங்க. ஹார்மோனுங்கது நெருப்பு. அந்தப் பிடிங்கீகளே, அது திரி. திரியில நெருப்புப் பட்டா உள்ள பத்திக்கிரும். மாத்திரை போட்டா திரி நனைஞ்சிரும், பத்தாது. அப்படியா?"

பதினெட்டு வருஷம் நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அப்படித்தான் என்றேன்.

"திரி இல்லாத கட்டியும் உண்டுமோ?"

"உண்டும்மா. அது ஹார்மோனை எதிர்பார்க்காமல் தானாகவே வளரும். அதற்கு வேறு வைத்தியம். இந்த மாத்திரை கேட்காது."

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "பன்னெண்டு வருசமா ஊரான் வெடிக்கெல்லாம் நான்தான் திரி வச்சிருக்கேன் அண்ணாச்சி, எனக்குன்னு ஒரு திரி வைக்காமலா போயிருவா அந்த மாரி?" என்றாள்.

கம்பங்காடு

அதே வாரம் இருக்கன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். நாலு காணி நிலம், பெரிய மீசை. அவர் மனைவியின் முடிவை முந்தின சனிக்கிழமையே கொடுத்தாகிவிட்டது: பிடி இருக்கிறது, மாத்திரை கேட்கும். இவருக்குத் திருப்தி இல்லை. விதையானாலும் மாடானாலும் தன் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்கிற வழக்கம் தன் வம்சத்திலேயே கிடையாது என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்.

ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடினார். பிறகு மீசை இடித்தது. கடைசியில் ஒருவழியாகக் காட்சி தெரிந்ததும் ஆள் அசையவில்லை. முதலில் ஸ்லைடின் ஓரத்தைக் காட்டினேன். அங்கே நல்ல சதை, பால் சுரக்கிற குழாய்கள். நோயில்லாத எந்தப் பெண்ணை எடுத்தாலும் அந்தக் குழாய்களில் சில செல்களில் ஹார்மோன் பிடி இருக்கும். உடம்பு மாசா மாசம் ஏறி இறங்குவதும், பிள்ளை பிறந்தால் பால் கட்டுவதும் அதை வைத்துத்தான். அதனால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பழுப்புப் புள்ளி தெரியும். பிறகு ஸ்லைடை நகர்த்திக் கட்டியைக் காட்டினேன். இடமே விடாமல் முழுக்கப் பழுப்பு.

நிமிர்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டார். "நல்லது அங்கொண்ணும் இங்கொண்ணுமா மொளைச்சிருக்கு, கெட்டது காடா மண்டிக் கெடக்கு, இதைப் பாக்க இம்புட்டுப் பெரிய மிஷினு எதுக்கும்மா, எங்க ஊருக்கு வாங்க, ஒவ்வொரு வருசமும் என் கம்பங்காட்டுலயே காட்டுறேன்" என்றார்.

எல்லாம் நீலம்

சனிக்கிழமை மாரித்தாயின் ஸ்லைடு தயாரானது. பழுப்பு ஒட்டாத இடமெல்லாம் நீலமாகத் தெரிவதற்கு இன்னொரு சாயம் உண்டு. மாரித்தாயின் ஸ்லைடு, மழை விட்ட மறுநாள் வானம் மாதிரி, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நீலம். கட்டியில் ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை.

என்ன செய்வது, சில கட்டிகள் அப்படித்தான். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். பாண்டியம்மாள் ரிப்போர்ட் தாளை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்; திரிக் கதையை அவளும் கேட்டவள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாயத்தில் கோளாறோ என்று, கூடவே அதே குக்கரில் வெந்த சோதனை ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். வேறு ஒருவருடைய சதை அது, பழுப்பு வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. வந்திருந்தது, பளிச்சென்று. ஆக, சாயம் சரி, குக்கர் சரி, விசில் கணக்கும் சரி.

மறுபடி மாரித்தாயின் ஸ்லைடை வைத்து மெதுவாக ஓரத்துக்குத் தள்ளினேன். கட்டியைச் சுற்றி அவளுடைய நல்ல பால் குழாய்கள் இருந்தன. கம்பங்காட்டுக்காரர் சொன்னதுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாகவாவது முளைத்திருக்க வேண்டும். அங்கேயும் நீலம். உற்றுப் பார்த்தால் செல்கள் எல்லாம் ஊறி உப்பின மாதிரி மங்கிக் கிடந்தன. மஸ்கட்டில் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் கண் எங்கேயிருந்தாலும் என்னுடைய கண்தான். டாக்டரம்மாவிடம் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல செல்லே வாயைத் திறக்கலையே சார், அப்புறம் கெட்ட செல்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு நாம எப்படிக் கையெழுத்துப் போடறது?"

நல்ல தண்ணி

சதை எங்கோ கெட்டிருக்கிறது. நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டோம். ஆபரேசன் முடிந்த கையோடு, பாட்டில் நிறையப் பார்மலின் ஊற்றித்தான் சாயங்காலம் கொடுத்தோம் என்று நர்ஸ் அடித்துச் சொன்னார். என்னிடம் வந்தது மறுநாள் காலை. இடையில் ஒரு ராத்திரி. அந்த ராத்திரி பாட்டில் இருந்தது சண்முகராஜ் வீட்டில்.

திங்கள்கிழமை அவரை வரவழைத்தேன். வாசலில் கதவைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில், வேலையைச் சுத்தமாகச் செய்தவனுக்கே உரிய ஒரு தெளிச்சி வந்தது.

"மூடியில மண்டையோடு படம் போட்டிருந்துச்சு சார். தொறந்தா கண்ணுல எரிச்சல். கலந்த மருந்தை ராத்திரி வச்சிருக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சட்டம். மிச்சம் இருந்தா அன்னன்னைக்கே கொண்டுபோய்க் குழியில கொட்டிப்புடணும். எத்தனை ஆலையில இதைச் செய்யாம உசுரு போயிருக்கு! அதான், சாயங்காலமே மருந்தை ஊருக்கு வெளிய குழி தோண்டிக் கொட்டிட்டேன். பாட்டிலை மூணு தடவை அலசுனேன். பஸ்ஸுலயும் தீவாளி சீசன் நேரம், மருந்து வாசம் வந்தா கண்டக்டர் எறக்கி விட்டுருவான்."

"அப்புறம்?"

"தண்ணி ஊத்தி வச்சேன் சார். உப்புத் தண்ணி இல்ல. வாரத்துக்கு ஒருக்க வருமே, குடிக்கிற நல்ல தண்ணி. அவ சதையில்ல? அதான்."

பார்மலின் இல்லாமல் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறினால் சதை உள்ளுக்குள்ளேயே கரைய ஆரம்பித்துவிடும். நாங்கள் தேடுகிற பிடியும் அதோடு போய்விடும். இதை எத்தனை மெதுவாகச் சொல்ல முடியுமோ அத்தனை மெதுவாகச் சொன்னேன். வாங்கிய அன்றைக்கே பார்மலின் வாசம் இல்லாததை என் மூக்கு கண்டுபிடித்திருக்க வேண்டும், வத்தல் நெடியில் விட்டுவிட்டேன், அதில் பாதித் தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "பதினாலு வருசம் சார், என் ரூமுல ஒரு பொறி விழுந்ததில்ல; இதை அவகிட்ட மட்டும் சொல்லிராதீக" என்றார்.

பாண்டியம்மாள் எழுதிய சீட்டு

இந்தத் துணுக்குகளை விளையாட்டாக எழுத உட்கார்ந்தவன் நான். முந்தின பாராவை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வரவேண்டியிருந்தது. நல்லவேளை, போனில் விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மாவுக்கு ஒரு வழி தோன்றியது. ஆபரேசனுக்கு ஒரு மாதம் முன்னால், கட்டி என்ன வகை என்று உறுதிசெய்ய, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்திருந்தார்கள். அது அங்கேயே எடுத்தது, அங்கேயே பார்மலினில் போட்டது, வழியில் யார் வீட்டிலும் தங்காதது. மெழுகு வில்லையாக அவர்கள் அலமாரியில் இருக்கும். கடிதம் கொடுத்தால் தருவார்கள். அதில் நாலைந்து சீவல் சீவினால் போதும்.

ஒரு சங்கடம்: அரிசியைவிடச் சின்னத் துணுக்கு அது. அதில் பாதி மதுரையில் பரிசோதனைக்கே போயிருக்கும். மிச்சம் கெட்டால் மாரித்தாயிடமிருந்து எடுக்க இனி எங்கேயும் கட்டி இல்லை. பாக்கி இருக்கிற ஒரே சாட்சியை யார் போய் வாங்கிவருவது? நானே போகிறேன் என்றேன். சண்முகராஜ் எழுந்து நின்றுவிட்டார். "நான்தான் போவேன் சார். எப்படிக் கொண்டாரணும்னு எழுதிக் குடுங்க. எங்க ஆலையிலயும் எழுதித்தான் ஒட்டியிருப்பாக. எழுத்துல இருந்துச்சுன்னா நான் ஒரு எழுத்துத் தப்ப மாட்டேன்."

பாண்டியம்மாள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதினாள். எதையும் ஊற்றக் கூடாது. எதையும் கொட்டக் கூடாது. அலசக் கூடாது. நனைக்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. திறந்து பார்க்கக் கூடாது. வாங்கினால் நேரே இங்கே வரவேண்டும். அவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார், வழியில் இறங்கிச் சாமி கும்பிடலாமா என்று. பாண்டியம்மாள் தாளை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டு நீட்டினாள்: "பஸ்ஸுல உக்காந்தபடியே கும்பிட்டுக்கிடுங்க, எறங்குற சோலியே வேண்டாம்."

அஞ்சு வருஷம்

மறுநாள் மத்தியானம் வந்தார். கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அதற்குள் பருத்தித் துணி, துணிக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மெழுகு வில்லை, வில்லையின் நடுவில் வெள்ளையாக ஒரு நூல் துணுக்கு. கண்டக்டர் தூக்குவாளியை மேலே போடச் சொன்னாராம். போடமாட்டேன் என்று திருமங்கலம் வரை சண்டையாம். சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பேனாவால் டிக் அடித்திருந்தார்.

முதல் சீவல் சுருண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றும் நாலும் ஸ்லைடில் ஏறின. குக்கர் விசிலடித்தது, பாண்டியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். புதன்கிழமை டாக்டரம்மா வந்ததும் ஸ்லைடைக் கொடுத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய், கீழே உளுந்து மூட்டை ஏற்றுவதை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தேன். "சார், வந்து பாருங்க" என்றார். ஓரத்தில் ஒரே ஒரு நல்ல குழாய் தப்பித்துக் கிடந்தது. அதில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று, பழுப்பு. ஆக, இந்தச் சதை பேசுகிறது, சொல்வதை நம்பலாம். பக்கத்தில் கட்டி. ஒரு செல் பாக்கியில்லாமல் பழுப்பு.

ரிப்போர்ட்டை வாங்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஹார்மோன் பிடி நிறைய இருக்கிறது, மாத்திரை கேட்கும் என்று சொன்னதும் மாரித்தாய் இருந்த இடத்திலேயே மாரியம்மனை நினைத்து ஒரு கும்பிடு போட்டாள். சண்முகராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. தண்ணீர் ஊற்றிய கதையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தத் திங்கள்கிழமை வீட்டுக்குப் போனதும், கஞ்சி வைக்கக்கூட விடாமல் அவரே எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டாராம். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

மாத்திரை தினம் ஒன்று, ஐந்து வருஷம், ஒரு நாளும் விடக் கூடாது. பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சண்முகராஜைப் பார்த்துச் சொன்னார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாரித்தாய் முந்திக்கொண்டாள்: "ஐயோ, அவுக கையில குடுத்துராதீகம்மா, ராத்திரி வச்சிருக்கக் கூடாதுன்னு டப்பாவோட குழியில போட்டுட்டு, எனக்கு நல்ல தண்ணி குடுப்பாக!"

அன்றிலிருந்து யார் பாட்டில் கொண்டுவந்தாலும், நோயாளியின் பேரைக் கேட்பதற்கு முன்னால் "நீங்க என்ன வேலை பாக்குறீக?" என்று கேட்டு, பாட்டிலையும் ஒரு தடவை மோந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன், இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஒரே பரிசோதனை அதுதான், அதற்குச் சாயமும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், மூக்கு மட்டும் அடைக்காமல் இருந்தால் போதும்.